நாரையேந்தல் கண்மாயில் வந்த மாசிடோனியன்

நாரையேந்தல் கண்மாயைத் தூர்வாரிய கோடையில், ஜேசிபி வண்டி மடைக்குப் பக்கத்துச் சேற்றில் கையை விட்டு அள்ளியபோது, வண்டலோடு வண்டலாக ஒரு ஆளும் சேர்ந்து மேலே வந்தான். தலையில் வெண்கலக் குல்லா, மார்பில் இற்றுப்போன தோல்கச்சை, முதுகில் கதிர் விரித்த சூரியனைப் பொறித்த சின்னக் கேடயம், இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்த ஓர் ஈட்டி. அந்த ஈட்டி வந்துகொண்டே இருந்தது, வண்டி பின்னால் போகப் போகச் சேற்றுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது, அதன் அடி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கரையில் நின்றவர்களுக்குக் கழுத்து வலித்துப்போயிற்று. ஆள் இருமினான், மூக்கைச் சிந்தினான், வெயிலுக்குக் கண்ணை இடுக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தான், பிறகு, வேலைக்காரர்களுக்கு டீ கொண்டுவந்திருந்த மலர்க்கொடியின் தூக்குவாளியைப் பார்த்துக் கையை நீட்டினான். மலர்க்கொடி ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தான். மறுபடியும் நீட்டினான். மறுபடியும் ஊற்றினாள்.

"யாருப்பா நீ?" என்று கேட்டார் பஞ்சாயத்துத் தலைவர் மாயழகு.

அவன் நெஞ்சைத் தொட்டு ஒரு சொல் சொன்னான். அது கரையில் நின்றவர்கள் காதில் பாலகுரு என்று விழுந்தது.

அந்தக் கண்மாய் அதற்கு முன்னும் ஓர் அம்மன் சிலையைக் கொடுத்திருக்கிறது, ஒரு கல்தொட்டியைக் கொடுத்திருக்கிறது, காணாமல் போன சைக்கிள் ஒன்றைப் பெல்லோடு திருப்பிக் கொடுத்திருக்கிறது, கொடுத்ததையெல்லாம் ஊர் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டது. ஆகையால் ஆளைக் கொடுத்தபோதும் யாரும் வாயைப் பிளக்கவில்லை, எங்கே வைப்பது என்றுதான் யோசித்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஈட்டி நுழையவில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்தால் இரண்டு ஜன்னலையும் உடைக்க வேண்டும். அவனோ ஈட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றான். கடைசியில் கண்மாய்க்கரையில் இருந்த மலர்க்கொடியின் டீக்கடைக்குப் பின்னால், அவள் புருஷன் செல்லத்துரை சவுக்குக் கழி வியாபாரத்துக்காகப் போட்டிருந்த நீளக் கொட்டகைதான் அதற்குப் பொருந்தி வந்தது. செல்லத்துரை மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபின் சும்மா கிடந்த கொட்டகை.

"மதினி, உங்களுக்கு ஒண்ணும் சங்கடமில்லையே?" என்று மாயழகு ஒப்புக்குக் கேட்டார்.

"கொண்டாந்து விட்டப்புறம்தான் கேக்குறீக" என்றாள் மலர்க்கொடி.

நாரையேந்தலில் இரண்டு தெரு, மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் கண்மாய். செல்லத்துரையின் அப்பா மேலத்தெரு, அம்மா கீழத்தெரு, இரண்டு தெருவுக்கும் சொல்லாமல் செய்துகொண்ட கல்யாணம், ஆகவே இரண்டு தெருவும் சேர்த்துக்கொள்ளாமல் அவர்கள் கரையில் வீட்டைப் போட்டார்கள். அந்த வீட்டுக்குப் பரமக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் மலர்க்கொடி. வந்து எத்தனையோ காலமாகியும் ஊருக்கு அவள் பரமக்குடிக்காரிதான். இரண்டு தெருவும் அவளிடம் டீ குடித்தது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு மட்டும் ஒரு தெருவும் அவள் வாசலில் வந்து நின்றதில்லை. வரி கேட்காத வீடு ஊர்க்கணக்கில் இல்லாத வீடு.

பாலகுருவுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் விடிந்ததும் விறகு பிளந்தான், தண்ணீர் சுமந்தான், ஊர் ஆடுகள் தாமாக அவன் பின்னால் போயின, சாயங்காலம் தாமாகத் திரும்பி வந்தன, எந்த ஆட்டிடமும் உதைபடாமல் பால் கறந்தான், பாலைத் திரித்து உப்புப் போட்டு ஒரு கட்டி செய்தான், அதை மலர்க்கொடி ஒருத்திதான் முகம் சுளிக்காமல் தின்றாள். தமிழையும் அவள் வாயிலிருந்துதான் எடுத்தான், டீ, சீனி, போதும், இன்னும், சுடுது என்று தொடங்கி. ஒருநாள் அடுப்படியில் புகை மூட்டமாயிருந்தபோது அவன் அவளை "மலரு" என்று கூப்பிட்டான். செல்லத்துரைக்குப் பிறகு அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் திரும்பாமலே, "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றான். அந்த ஒண்ணுமில்லையை அவள் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் யாரோ எடுத்துப் போட்ட கேடயத்துப் படம் செல்போன் செல்போனாக உலகம் சுற்றிவிட்டது. சூரியனைப் பார்த்துவிட்டு முதலில் கட்சிக்காரர்கள் சிலர் வந்து பாலகுருவுக்குச் சால்வை போர்த்திவிட்டுப் போனார்கள். பிறகு இரண்டு நாட்டிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் ஒரே பஸ்ஸில், ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் வந்து இறங்கினார்கள். கிரேக்க நாட்டிலிருந்து வந்தவர் ஸ்டமாட்டிஸ், கனத்த மனிதர், இட்லிக்குச் சீனி கேட்டவர். அதற்கு வடக்கே மாசிடோனியா என்ற பேரையே நாட்டுப் பேராக வைத்திருக்கிற தேசத்திலிருந்து வந்த அம்மாள் ஸ்லாத்கா, ஒல்லி, பேச்சுக்குப் பேச்சு சிகரெட். மேலத்தெருவில் மாயழகு வீட்டு மாடி காலியாக இருந்ததால் ஸ்டமாட்டிஸ் அங்கே தங்கினார். கீழத்தெருவில் உயர்நிலைப்பள்ளி ஆங்கில டீச்சர் சகாயமேரியின் வீட்டில் ஓர் அறை இருந்ததால் ஸ்லாத்கா அங்கே தங்கினாள். அவ்வளவுதான் காரணம், ஆனால் ஊர் இரண்டாகப் போவதற்கு அது போதுமானதாக இருந்தது.

"விஷயம் என்னன்னா," என்று சகாயமேரி டீச்சர் கரையில் கூடியவர்களுக்கு விளக்கினாள், "பாலகுரு பழைய மாசிடோனியா ஆளு, அலெக்சாண்டர் படையில வந்தவரு. அதுல ரெண்டு பேருக்கும் சண்டையில்ல. அந்தப் பழைய மாசிடோனியாக்காரங்க கிரேக்கர்தானா, இல்ல பக்கத்துல இருந்த வேற ஜனமா, அதுதான் சண்டை. சாரு கிரேக்கர்ங்கிறாரு. அம்மா வேற ஜனம்ங்கிறாங்க."

"அலெக்சாண்டர் படை வடக்கேயே திரும்பிருச்சே, இவன் எப்படி இங்க வந்தான்?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாரையும் திரும்பச் சொல்லிச்சு. எனக்குச் சொல்லல" என்றான் பாலகுரு. ஊருக்கு அது நியாயமாகப் பட்டது, அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

முதல் சோதனை அவன் பேரிலேயே நடந்தது. "எங்கள் மொழியில் ஃபலக்ரோஸ் என்றால் மொட்டைத்தலையன், இவன் குல்லாவைக் கழற்றிப் பாருங்கள், மொட்டை, பிறகென்ன ஆராய்ச்சி?" என்றார் ஸ்டமாட்டிஸ். "ஃபலக்ரோஸ் என்றா சொன்னான்? பலக்ரோஸ் என்றல்லவா சொன்னான், கிரேக்கன் எவன் அதை அப்படிச் சொல்வான்?" என்றாள் ஸ்லாத்கா. பாலகுருவைச் சொல்லச் சொன்னார்கள். அவனோ இத்தனை நாளாக ஊர் கூப்பிட்ட பழக்கத்தில் கணீரென்று "பாலகுரு" என்றான். சரி, அவன் வந்த அன்று என்ன சொன்னான் என்று பஞ்சாயத்தில் எழுதி வைத்திருப்பார்களே என்று இருவரும் ஓடினார்கள். எழுதி வைத்திருந்தார்கள். முதலில் ஒரு ப இருந்தது.

"இந்த எழுத்துக்கு என்ன ஓசை?" என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

சகாயமேரி டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "பால், பஸ், மேல சுத்துற பேன், எல்லாத்துக்கும் அதான்" என்றாள்.

இருவரும் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு, தான் ஜெயித்ததாகத் தத்தம் நாட்டுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

அதன்பிறகு நாரையேந்தலில் நல்லது கெட்டதெல்லாம் இந்த ஒரு பேச்சாகவே ஆயிற்று. குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, "ஒலிம்பிக் ஓட்டத்துல கிரேக்கனத் தவிர எவனையும் விடமாட்டாகளாம், மாசிடோனியா ராசா ஓடியிருக்காருல்ல, அப்ப யாரு?" என்று மேலத்தெருப் பெண்கள் கேட்டார்கள்; "ராசா எங்கிருந்தோ வந்த பரம்பர, அவரு ஓடினா குடிசனமெல்லாம் ஓடினதா ஆயிருமா?" என்று கீழத்தெருப் பெண்கள் திருப்பிக் கேட்டார்கள். "ஏதென்ஸ்காரன் மேடையில ஏறி அவுகளக் காட்டுமிராண்டின்னு திட்டியிருக்கான், சொந்த சனத்தையா திட்டுவான்?" என்றது கீழத்தெரு. "போன எலெக்சன்ல எங்க சித்தப்பாவ அவரு சொந்தத் தம்பியே அதுக்கு மேல திட்டலையா?" என்றது மேலத்தெரு. கொடுத்த பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், வைத்த சீர்வரிசையைத் திரும்பக் கேட்டார்கள், கல்யாணப் பத்திரிகையில் பக்கத்துத் தெருவை விட்டுவிட்டு அடித்தார்கள், மலர்க்கொடியின் கடையில் மேலத்தெரு பெஞ்சு தனி, கீழத்தெரு பெஞ்சு தனி என்று ஆயிற்று, ஒரு பெஞ்சுக்காரர்கள் குடித்த கிளாஸை மறு பெஞ்சுக்குக் கொடுக்கக்கூடாது என்றார்கள். மலர்க்கொடி எல்லாக் கிளாஸையும் ஒரே வாளியில் முக்கி எடுத்தாள்.

அவள் கவலை வேறாக இருந்தது. அவள் பாலகுருவைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்திருந்தாள். விறகடுப்புக்கு முன்னால் அவனைக் கேட்டேவிட்டாள். "இங்கயே இருக்கியா? என்கூட?"

"வேற எங்க?" என்றான் அவன், நிஜமாகவே புரியாமல்.

பதிவு ஆபீசில் மாப்பிள்ளை எந்த நாடு, எந்த இனம் என்று கேட்டார்கள். அதுதானே தெரியவில்லை என்றாள். தெரிந்தபிறகு வரச் சொன்னார்கள். இந்தச் செய்தி மேலே மேலே போய், கடைசியில் கோட்டாட்சியரே விசாரணைக்கு வருகிறார் என்று கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள்.

மண்டபத்தில் மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். பேராசிரியர்கள் காலையிலிருந்து மத்தியானம் வரை பேசினார்கள், சகாயமேரி டீச்சர் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தொண்டை கட்டிப்போனாள். கோட்டாட்சியர் தூக்கம் சொக்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலகுருவிடம் திரும்பினார்.

"நீயே சொல்லுப்பா. நீ யாரு?"

"எங்க ஊரு மலை, ஐயா. ஆடு நெறைய. கீழ சமவெளியில ராசா. அந்தச் சமவெளிக்காரவுகள எங்களுக்குப் புடிக்காது. வாசன எண்ண தேச்சுக்குளிக்கிற ஆளுக."

"அவங்க யாரு?"

"அவுகதான் மாசிடோனியா."

"அப்ப நீ?"

"ராசா மலைக்கு வந்தாரு. ஈட்டி குடுத்தாரு. இத வாங்குனா நீயும் மாசிடோனியான்னாரு. வாங்குனேன்."

"கிரேக்கர்னா தெரியுமா?"

"தெரியாமயா? வாயாடிக. சண்டையில எதித்தாப்புல நின்னாக." ஸ்லாத்கா முகம் மலர்ந்தது. "எங்க பக்கமும் நின்னாக" என்றான். ஸ்டமாட்டிஸ் மேசையைத் தட்டினார்.

அப்போதுதான் பாலகுரு அந்த இருவரையும் முதல்தடவையாக நிதானமாகப் பார்த்தான். எழுந்து போய் ஸ்டமாட்டிஸின் காதைத் தொட்டுப் பார்த்தான். "இது எங்க மாமன் காது" என்றான். ஸ்லாத்கா கோபம் வரும்போதெல்லாம் கீழுதட்டைப் பிடித்து இழுப்பாள், இப்போதும் இழுத்துக்கொண்டிருந்தாள். "எங்க ஆத்தா இப்பிடித்தான் ஒதட்டப் புடிச்சு இழுப்பா" என்றான். "நான் கெளம்பயில ஆட்டக் கறக்காம வந்துட்டேன். மடி கட்டியிருக்கும். யாரு கறந்தது?"

டீச்சர் இதை மெதுவாகச் சொன்னாள். ஸ்டமாட்டிஸ் தன் தாத்தா ஆடு வைத்திருந்ததாகச் சொன்னார். ஸ்லாத்காவும் தன் தாத்தா ஆடு வைத்திருந்ததாகச் சொன்னாள். என்ன ஆடு என்று அவர் கேட்டார். முறுக்குக்கொம்பு என்றாள். அது எங்கள் ஆடு என்றார் அவர். அதன்பிறகு யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை.

கோட்டாட்சியர் எழுந்து தீர்ப்பைப் படித்தார். ஆள் எந்த இனம் என்று முடிவு செய்ய இயலவில்லை. இரண்டு நாடும் பேசி முடிக்கும்வரை, பூமிக்குள்ளிருந்து தோண்டி எடுத்த பழம்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்ற விதிப்படி, பாலகுருவை மாவட்டத் தலைநகரக் கிடங்கில், மற்ற தாழிகளோடும் சிலைகளோடும் பத்திரமாக வைப்பது. வேன் வெளியே நின்றது.

மலர்க்கொடி எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊர்க்கூட்டத்தில் அவள் அதுவரை வாயைத் திறந்ததில்லை, திறக்க அவளுக்குப் பாத்தியமும் இல்லை. டீத்தட்டை ஒரு நாற்காலியில் வைத்தாள்.

"ஐயா, கண்மாய்க்குள்ள இருந்து பானை வந்தா அரசாங்கத்துக்கு. சரி. மீனு வந்தா யாருக்கு?"

கோட்டாட்சியர் அவளைப் பார்த்தார். "மீன்பாசி ஊருக்கு. ஊர் ஏலம் விடும்."

"ஏன்?"

"அது உயிருள்ளது."

"இவரு?" என்றாள்.

மண்டபமே பாலகுருவைத் திரும்பிப் பார்த்தது. அவன் உயிரோடுதான் இருந்தான், மூக்கை வேறு சிந்திக்கொண்டிருந்தான். கோட்டாட்சியர் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் விட்டத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் போக ஒரு வழி கிடைத்தால் போதும் என்றிருந்த கோட்டாட்சியர், உயிருள்ளதாகையால் இது பழம்பொருள் ஆகாது, கண்மாயில் அகப்பட்ட மீன்பாசி இனத்தைச் சேரும், ஊரார் இப்போதே ஏலம் விட்டுக்கொள்ளலாம் என்று திருத்தி எழுதினார்.

ஏலம் என்றதும் இரண்டு தெருவும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்டமாட்டிஸுக்காக மேலத்தெரு எடுப்பது, ஸ்லாத்காவுக்காகக் கீழத்தெரு எடுப்பது என்று காதோடு காதாகப் பேசி முடித்துவிட்டார்கள். மாயழகு எழுந்து, "யாரு கேக்குறா?" என்றார்.

"நான் கேக்குறேன்" என்றாள் மலர்க்கொடி. "என் கடையில ஊருக்கெல்லாம் ஒரு வருஷம் டீ."

சிரிப்பு எழுந்தது. "மதினி, ஏலம் கேக்கத் தலைக்கட்டு வரி கட்டியிருக்கணும்" என்றார் மாயழகு. "நீங்க பரமக்குடி. ரெண்டு தெருவுலயும் இல்லையே."

மலர்க்கொடிக்குக் காது சூடாயிற்று. இருந்தும் பின்வாங்கவில்லை. அப்போது கீழத்தெருவில் ஒரு கிழவர் மெல்ல எழுந்தார். அவருக்கு ஒன்று தோன்றியிருந்தது: இவள் நம் தெருக்காரி என்றால், இவள் எடுக்கிறவனும் நம் தெருக்காரன்தானே?

"அதெப்படிச் சொல்றீக? செல்லத்துரை ஆத்தா எங்க தெருப் பொண்ணு. மருமக எங்க மருமகதான்."

மேலத்தெருவுக்கும் அது அந்த நொடியே புரிந்துவிட்டது. "ஆத்தா வழியில எவன் தெருவச் சொல்லுவான்? செல்லத்துரை அப்பன் எங்க பங்காளி!"

"பங்காளிய ஏன்டா கரையில குடி வச்சீக?"

"நீங்க மட்டும் உள்ளயா வச்சீக? அவ கல்யாணத்துக்கு எங்க அம்மா ஆரத்தி எடுத்துச்சு!"

"எங்க அத்தைதான் விளக்கு ஏத்துச்சு!"

அவள் கல்யாணத்துக்கு இரண்டு தெருவிலும் ஒருவரும் வரவில்லை என்பது மலர்க்கொடிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் பொட்டு வைக்கிற மாதிரி மேலத்தெரு மாதிரி என்றார்கள், அவள் வைக்கிற மீன்குழம்பின் புளிப்பு கீழத்தெருப் புளிப்பு என்றார்கள், ல ழ சொல்லச் சொல்லி நாக்கைப் பார்த்தார்கள். மேலத்தெருப் பொருளாளர் ஓடிப்போய் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார், கீழத்தெருப் பொருளாளர் அவருக்கு முன்னால் வந்து நின்றார், இரண்டு பேரும் அவளிடம் தலைக்கட்டு வரி கேட்டுக் கையை நீட்டினார்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு பேருக்கும் கொடுத்தாள். கொடுக்கும்போது, எவ்வளவு அடக்கியும் முடியாமல், சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. இந்த ஊரில் அவள் சத்தம் போட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

"வேற யாரும் கேக்குறீகளா?" என்று மாயழகு கூவினார். சொந்தத் தெருக்காரிக்கு எதிராக யார் கேட்பார்கள்? இரண்டு தெருவும் கம்மென்று இருந்தது. பேராசிரியர்கள் என்ன நடக்கிறது என்று டீச்சரைக் கேட்டார்கள். டீச்சருக்குக் குரலே இல்லை, ஜாடை காட்டினாள். மூன்று தடவை கூவி முடித்தார்கள். பாலகுரு மலர்க்கொடிக்கு ஆனான்.

கல்யாணத்துக்கு அதே மண்டபம்தான். பெண்வீட்டுப் பக்கம் இரண்டு தெருவும் வந்து உட்கார்ந்ததில் இடமில்லாமல் நெரிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு வரிசை நாற்காலி காலி. மாப்பிள்ளை வீட்டார் யாராவது சீர் கொண்டுவந்தால்தான் தாலி கட்ட முடியும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டதும் ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்த ஸ்டமாட்டிஸ் பாத்திரக்கடைக்குக் கிளம்பினார். ஸ்லாத்காவும் கிளம்பினாள். கடையில் சீர் வைக்கத் தோதான பித்தளை அண்டா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் அண்டாவின் காதைப் பிடித்தார்கள்.

முகூர்த்த நேரத்தில் அண்டா மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்தது. வாசல் குறுகல், இரண்டு பேர் ஒன்றாக நுழைய முடியாது, முதலில் நுழைகிறவர்தான் மாப்பிள்ளை வீடு என்று ஆகிவிடும், ஆகவே இருவரும் நுழையவில்லை. ஸ்டமாட்டிஸ் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. ஸ்லாத்காவின் கைநரம்பு புடைத்தது. காதை மட்டும் விடவில்லை. நாதஸ்வரக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்பி நின்றார். நேரம் போகிறது நேரம் போகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

மலர்க்கொடி மணையிலிருந்து எழுந்தாள். கூறைச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தலைக் கடந்து, கூட்டத்தை விலக்கி, வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏன் சாரு, ஏம்மா, உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா? எம்புட்டு நேரம் ஆளுகளப் பட்டினி போடுவீக? எறக்கி வைங்க அத!"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அம்மாவிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி இருவரும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்து கையை விட்டார்கள். அண்டா தரையில் விழுந்து ஊரே அதிர ஓசை எழுப்பியது. உள்ளே இருந்த தவில்காரர் அதைச் சைகை என்று எண்ணிக் கெட்டிமேளம் கொட்டினார். கெட்டிமேளம் கேட்டதும் தாலி கட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த பாலகுரு, தாலியும் கையுமாக மணையிலிருந்து துள்ளி எழுந்து, நாற்காலிகளைத் தாண்டி ஓடிவந்து, வாசற்படியில் நின்றவள் கழுத்தில் அங்கேயே கட்டினான். மூன்றாம் முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். ஸ்லாத்கா கையை நீட்டினாள். அவளுக்குப் பழக்கமில்லாத முடிச்சு, விழவில்லை. ஸ்டமாட்டிஸ் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். உள்ளிருந்து எறிந்த அரிசி நாலு பேர் தலையிலும் விழுந்தது.

மலர்க்கொடி மஞ்சள் ஈரம் கழுத்தில் உறைக்க, நெற்றியில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டாள்.

"சரி, உள்ள வாங்க" என்றாள். "எல போட்டாச்சு."